ஏடிவி ஓட்டக் கற்பது: பயிற்சி வகுப்பா, பழகியவர் துணையா, தனிப் பயிற்சியா?

ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும், ஹேண்டில்பார் கொண்ட நான்கு சக்கர வண்டி) வாங்க நினைப்பவர்கள் எந்த வண்டியை வாங்குவது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். அதை ஓட்ட எப்படிக் கற்பது என்ற கேள்விக்கு ஒரு மாலைப்பொழுதைக்கூட ஒதுக்குவதில்லை. இதற்கு வண்டியின் தோற்றமே காரணம். நான்கு சக்கரங்கள் இருப்பதால் நிறுத்தினாலும் சாய்ந்து விழாது. பெரும்பாலான மாடல்களில் கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. வலது கட்டைவிரலால் த்ராட்டிலை அழுத்தினால் முன்னே போகிறது, விரலை எடுத்தால் வேகம் குறைகிறது. சமதரையில் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்தவர், தமக்கு இது கைவந்துவிட்டது என்று நினைப்பது இயல்புதான். ஏற்றமும் இறக்கமும் பக்கச்சரிவும் கலந்த தடத்தில் இறங்கும்போதுதான் இந்த வண்டி காரைப்போலவும் நடந்துகொள்ளாது, மோட்டார் சைக்கிளைப்போலவும் நடந்துகொள்ளாது என்பது தெரியவரும்.

கற்கும் வழிகளை ஒப்பிடும் முன், எதைக் கற்க வேண்டியிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். ஏடிவியின் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் குறைவு, நீளமும் குறைவு, தரையிலிருந்து அடிப்பகுதி உயர்ந்திருப்பதால் ஈர்ப்பு மையமும் மேலே இருக்கிறது. வேலைக்குப் பயன்படும் பெரிய வண்டி ஒன்று ஏறத்தாழ 300 கிலோ இருக்கும் என்றால், அதன்மேல் கால்களை இருபுறமும் போட்டு அமரும் 75 கிலோ மனிதர் அந்த எடையில் கால்பங்கு. இலகுவான விளையாட்டு வகை வண்டிகளில் இந்த விகிதம் இன்னும் கூடுதல். ஆகவே ஓட்டுநர் தம் உடலை எங்கே வைக்கிறார் என்பது, ஹேண்டில்பாரை எவ்வளவு திருப்புகிறார் என்பதற்கு நிகராக வண்டியின் போக்கைத் தீர்மானிக்கிறது. ஏறும்போது முன்னே, இறங்கும்போது பின்னே, திரும்பும்போது திருப்பத்தின் உட்புறம், பக்கச்சரிவில் மேட்டுப்பக்கம் என்று எடையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பல விளையாட்டு வகை வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைக்கப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. திருப்பத்தில் உட்புறச் சக்கரம் சற்று வழுக்கினால்தான் வண்டி திரும்பும். அதற்காகவே ஓட்டுநர் வெளிப்புறக் கால்மிதியை அழுத்திக்கொண்டு, மேலுடலை உட்புறம் சாய்க்கிறார்.

இந்த வண்டிகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1970-ல் ஹோண்டா அறிமுகப்படுத்திய முதல் வண்டிக்கு மூன்று சக்கரங்களே இருந்தன. 1982-ல் சுசுகி நான்கு சக்கர மாடலைக் கொண்டுவந்தது. விபத்துகள் பெருகியதால், 1988-ல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் முதன்மையான தயாரிப்பாளர்களுக்கும் இடையே நீதிமன்றத்தின் வழியாக ஏற்பட்ட உடன்பாடு, அந்நாட்டில் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை நிறுத்தியது. அதே உடன்பாடு, வண்டி வாங்குபவர்களுக்கு ஓட்டும் பயிற்சி தர வேண்டும் என்ற பொறுப்பையும் தயாரிப்பாளர்கள்மேல் வைத்தது என்பது கவனிக்கத்தக்கது. நான்காவது சக்கரம் வந்ததோடு சிக்கல் தீர்ந்துவிடும் என்று யாரும் கருதவில்லை. வடிவமைப்பால் சரிசெய்ய முடியாத ஒரு பகுதி ஓட்டுநரிடமே இருக்கிறது என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன.

இதிலிருந்து என் அளவுகோல் பிறக்கிறது. திறமையின் பெரும்பகுதி உடலின் நிலையில் இருக்கிறது. ஆனால் தம் உடலின் நிலையை ஓட்டுபவரால் பார்க்க முடியாது. ஏற்றத்தில் நன்றாக முன்னே சாய்ந்திருப்பதாக ஒருவர் உறுதியாக நம்புவார். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கோ, தோள் மட்டும் முன்னே வந்திருப்பதும் இடுப்பு இருக்கையின் நடுவிலேயே தங்கிவிட்டதும் தெரியும். ஆகவே கற்கும் வழி எதுவாக இருந்தாலும், அதனிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நான் ஓட்டும்போது என்னைப் பார்ப்பவர் யார், பார்த்ததை அவரால் எனக்குப் புரியும்படி சொல்ல முடியுமா? இடவசதி, செலவு, நேரம் ஆகியவற்றை எல்லாம் இதற்குப் பிறகே எடை போட வேண்டும்.

முறையான பயிற்சி வகுப்பு இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பதிலைத் தருகிறது. அமெரிக்காவில் 1988-ல் தொடங்கப்பட்ட ஏடிவி பாதுகாப்பு நிறுவனம் நடத்தும் வகுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வேறு நாடுகளிலும் இதே போக்கில் அமைந்த வகுப்புகள் உள்ளன. அரைநாள் அளவுள்ள இவ்வகை வகுப்பில் முதலில் வண்டியைச் சோதிக்கக் கற்றுத் தருகிறார்கள்: டயர், சக்கரம், கட்டுப்பாட்டுக் கேபிள்கள், விளக்கு, எண்ணெய், எரிபொருள், சங்கிலி, சட்டகம் என்று ஒரு வரிசை. ஏடிவி டயர்களில் பெரும்பாலும் 4 முதல் 7 பிஎஸ்ஐ காற்றழுத்தமே இருக்கும். காருக்குப் பயன்படும் அளவி இந்தக் குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது என்பதைப் பலர் இத்தகைய வகுப்பில்தான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். இடது, வலது டயர்களில் சிறு வேறுபாடு இருந்தாலும் வண்டி ஒருபக்கம் இழுக்கும். அதைத் தம் கையின் குறை என்று எண்ணி வருந்துபவர்கள் உண்டு. பிறகு கூம்புகள் நட்ட சமதரையில் கிளம்புதல், நிற்றல், பெரிய வட்டம், எட்டு வடிவம், திடீர் நிறுத்தம், தடையை விலக்கித் திரும்புதல், சிறு மேட்டில் ஏறி இறங்குதல் என்று படிப்படியாக அழைத்துச் செல்கிறார்கள்.

வகுப்பின் உண்மையான பலம் இந்த வரிசையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பயிற்சியும் அடுத்ததற்குத் தேவையான ஒரே ஒரு அசைவைத் தனியே பிரித்துத் தருகிறது. அதைச் செய்யும்போது பயிற்சியாளர் அருகிலேயே நின்று பார்க்கிறார். தவறினால் அடுத்த சுற்றிலேயே திருத்துகிறார். தவறான அசைவு பழக்கமாக உறைவதற்கு முன்பே திருத்தப்படுவதன் மதிப்பு அளவிட முடியாதது. பலவீனம் அதன் நீளம். அரைநாளில் எந்த அசைவும் உடலில் ஊறிவிடாது. வகுப்பு நடக்கும் தரை பெரும்பாலும் அடக்கமானது. சேறு, உருளும் கற்கள், ஆழமான சக்கரப் பள்ளங்கள், மணல் ஆகியவை அங்கே இருப்பதில்லை. சான்றிதழைக் கையில் வாங்கிய அன்றே கடினமான தடத்துக்குக் கிளம்புவது, வகுப்புக்குப் போகாமலே கிளம்புவதற்கு அடுத்தபடியான ஆபத்து என்றே சொல்வேன்.

எல்லா வகுப்பும் ஒரே தரத்தில் இருப்பதில்லை என்பதால், சேரும் முன் சில கேள்விகளைக் கேட்டுவிடலாம். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? சரிவில் நிறுத்திப் பழகும் பயிற்சி உண்டா, வெறும் சமதரை மட்டும்தானா? சொந்த வண்டியைக் கொண்டுவரலாமா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. பிரேக் அமைப்பு மாடலுக்கு மாடல் மாறுகிறது: சிலவற்றில் வலது கை நெம்பு முன்பிரேக்கும் வலது கால் மிதி பின்பிரேக்கும் ஆகும், சிலவற்றில் ஒரே நெம்பு நான்கு சக்கரங்களையும் பிடிக்கும். வகுப்பின் வண்டியில் பழகிய கை, சொந்த வண்டியில் நெருக்கடி நேரும்போது தவறான நெம்பைத் தேடக்கூடும்.

அடுத்த வழி, பழகிய ஒருவரின் துணை. உலகெங்கும் பெரும்பாலோர் இப்படித்தான் கற்கிறார்கள். இதை இழிவாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. தடத்தைப் படிக்கும் கலையை வகுப்பறையோ கூம்புகளோ கற்றுத் தர முடியாது. காய்ந்ததுபோல் மேலே வெடித்திருக்கும் சேற்றின் அடியில் இன்னும் ஈரம் இருக்கிறது என்பதையும், ஓடையின் கரையில் ஏற்கனவே பதிந்த சக்கரச் சுவடுகள் எங்கே உள்ளே போய் எங்கே வெளியே வருகின்றன என்பதையும், ஆழமான சக்கரப் பள்ளத்துக்குள் இறங்காமல் அதை இரு சக்கரங்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு போக முடியுமா என்பதையும், அந்த இடத்திலேயே நின்று சுட்டிக்காட்டும் ஒருவரிடமிருந்துதான் கற்க முடியும். வகுப்பு வண்டியைக் கற்றுத் தருகிறது என்றால், நல்ல துணை நிலத்தைக் கற்றுத் தருகிறார்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நன்றாக ஓட்டுபவர் எல்லாரும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர் அல்லர். பல ஆண்டுகள் ஓட்டியவரின் உடல் தானாகவே இயங்குகிறது. எந்தக் கணத்தில் எடையை மாற்றினார் என்று அவரிடம் கேட்டால், அவருக்கே தெரியாது. அவருடைய கெட்ட பழக்கங்களும் சேர்ந்தே கைமாறும். மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தவர்களிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்: வண்டி சாய்வதுபோல் தோன்றினால் காலைத் தரையில் ஊன்றும் பழக்கம் அவர்களிடம் ஆழமாக இருக்கும். ஏடிவியில் அப்படி ஊன்றிய கால்மேல் பின்சக்கரம் ஏறிவிடும். கால்கள் எப்போதும் மிதிகளின்மேலேயே இருக்க வேண்டும் என்பது இந்த வண்டியின் முதல் விதி; அதை மீறும் ஒருவரிடம் கற்பவர், மீறலையே விதியாகக் கற்றுக்கொள்வார். இன்னொரு தீங்கு வேகம். துணையாக வருபவர் முன்னே போய்க்கொண்டிருக்க, புதியவர் அவரை எட்டிப் பிடிக்கும் எண்ணத்தில் தம் திறமைக்கு மீறிய வேகத்தில் போகிறார். அந்த நேரத்தில் அவர் கற்பது எதுவும் இல்லை, தப்பிப்பது மட்டுமே.

ஆகவே துணையைத் தேர்ந்தெடுப்பதற்கும் சில அடையாளங்கள் வேண்டும். அருகிலேயே ஓர் இடத்துக்குப் போவதானாலும் அவர் ஹெல்மெட் அணிகிறாரா? ஐயம் தரும் இடம் வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்து பார்க்கிறாரா? தெரிந்த பாதையில் உங்களை முன்னே விட்டுப் பின்னால் வருகிறாரா? எப்போதும் முன்னே போகும் துணை உங்களைப் பார்ப்பதே இல்லை என்பதால், என் அளவுகோலின்படி அவர் வழிகாட்டிதானே தவிர ஆசிரியர் அல்லர். அவருடைய வண்டியின் பின்னால் அமர்ந்து பார்த்துக் கற்பது என்ற யோசனையை முற்றிலும் தவிர்க்க வேண்டும். ஒருவருக்கென்று செய்யப்பட்ட வண்டியின் நீண்ட இருக்கை, இரண்டாம் ஆளுக்கு இடம் தருவதற்காக அல்ல, ஓட்டுநர் முன்னும் பின்னும் நகர்வதற்காக வைக்கப்பட்டது. பின்னால் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அந்த நகர்வு நின்றுபோகிறது. எடை பின்னச்சுக்குமேல் குவிந்து, ஏற்றத்தில் முன்சக்கரங்கள் தூக்கிக்கொள்ளும்.

மூன்றாவது வழி, காணொளிகளைப் பார்த்துத் தாமே பழகுவது. இதன் நன்மை திரும்பச் செய்தல். வகுப்பில் ஒரு திருப்பத்தைச் சில முறை செய்வீர்கள். சொந்தத் திடலில் வாரக்கணக்கில் செய்யலாம். உடலில் ஊறுவது இப்படித்தான். காணொளிகளில் மெதுவாக ஓட்டிக் காட்டப்படும் உடல் அசைவுகள் உண்மையிலேயே பயனுள்ளவை. ஆனால் ஹெல்மெட்டில் பொருத்திய அகலக்கோணக் கேமரா சரிவுகளைத் தட்டையாக்கிக் காட்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். திரையில் எளிதாகத் தெரிந்த ஏற்றம் நேரில் சுவர்போல் எழுந்து நிற்கும். காணொளிகளைவிட நம்பத்தக்க ஓர் ஆவணம் ஒவ்வொரு வண்டியோடும் வருகிறது, பெரும்பாலோர் அதைப் பிரிப்பதே இல்லை: உரிமையாளர் கையேடு. அந்த மாடலுக்குரிய காற்றழுத்தம், சுமை வரம்பு, ஏற்றத்திலும் இறக்கத்திலும் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை எல்லாம் அதில் இருக்கின்றன. தனியாகக் கற்பவர் முதல் வாரத்தைக் கையேட்டுக்கே கொடுத்தாலும் வீணாகாது.

தாமே பழகுவது என்பதைத் தனியாகப் போவது என்று பொருள் கொண்டுவிடக் கூடாது. கவிழ்ந்த வண்டியின் அடியில் சிக்கியவரால் பெரும்பாலும் அதைத் தாமே தூக்க முடியாது. மார்பின்மேல் வண்டி அழுத்தினால் மூச்சுவிட வழியின்றிப் போகும். இந்தக் காரணத்தால்தான் ஆஸ்திரேலியா 2019-ல், குவாட் பைக் என்று அங்கே அழைக்கப்படும் இந்த வண்டிகளுக்கான கட்டாயப் பாதுகாப்புத் தரத்தைக் கொண்டுவந்து, 2021 அக்டோபர் முதல் விற்கப்படும் புதிய பொதுப்பயன்பாட்டு வண்டிகளில் ஓட்டுநரைக் காக்கும் அமைப்பு இருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. திடலில் பழகும்போதும் கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு ஏடிவி பற்றி எதுவும் தெரியாமல் இருந்தாலும், கைபேசியில் உங்களைப் பக்கவாட்டிலிருந்து படம் பிடித்துத் தந்தால், உங்கள் இடுப்பு எங்கே இருந்தது என்ற உண்மையை நீங்களே பார்க்கலாம். இந்த வழியின் மிகப் பெரிய ஓட்டையை அது ஓரளவு அடைக்கிறது.

வாடகை வண்டியில் வழிகாட்டியோடு போகும் சுற்றுலாவையும் சிலர் கற்கும் வழியாகக் கருதுகிறார்கள். இந்த விளையாட்டு தமக்குப் பிடிக்குமா என்று அறிய அது போதும். கற்க அது உதவாது. வரிசையில் முன்னே போகும் வண்டியின் தூசியைப் பின்தொடர்வதே அங்கே வேலை; எந்த அசைவையும் திரும்பச் செய்ய நேரம் இராது, வழிகாட்டியின் கவனமும் குழுவை முழுதாகத் திரும்பக் கொண்டுசேர்ப்பதில் இருக்கும்.

இந்த வழிகளின் வேறுபாடு தெளிவாக விளங்க ஒரே ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். செங்குத்தான ஏற்றத்தில் பாதி தூரம் போனபின் வண்டி திணறி, வேகம் இழந்து, எஞ்சின் நின்றுவிடுகிறது. வண்டி இன்னும் பின்னே உருளவில்லை என்றால், எடையை முன்னே வைத்தபடியே பிரேக்கைப் பிடித்து, நிறுத்தப் பிரேக்கைப் பூட்டி, மேட்டுப்பக்கமாக இறங்க வேண்டும். உருளத் தொடங்கிவிட்டால் நிலைமை வேறு. அப்போது எவருடைய கையும் காலும் தாமாகவே செய்ய விரும்புவது, எல்லாப் பிரேக்கையும் ஒரே நேரத்தில் இறுக அழுத்துவது. முன்னும் பின்னும் தனித்தனிப் பிரேக் உள்ள வண்டியில், பின்னே உருளும்போது பின்பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் பின்சக்கரங்கள் நின்றுவிடும், முன்பகுதி அவற்றை அச்சாகக் கொண்டு மேலெழுந்து ஓட்டுநர்மேல் விழும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: த்ராட்டிலைத் தொடாமல், மேலுடலை ஹேண்டில்பாருக்கு மேலே கொண்டுபோய், முன்பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி, வண்டி முழுதாக நின்றபிறகே பின்பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, நிறுத்தப் பிரேக்கைப் பூட்ட வேண்டும். பிறகு மேட்டுப்பக்கமாக இறங்க வேண்டும். வண்டி நேராக மேலே பார்த்து நின்றால் எந்தப் பக்கமும் இறங்கலாம், பின்னால் மட்டும் இறங்கக் கூடாது. உருள்வதை நிறுத்தவே முடியாது என்று தெரிந்தால், மேட்டுப்பக்கமாக உடனே விலகிவிடுவதே சரி. வண்டியைக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது.

இதைக் காணொளியில் பார்த்து நினைவில் வைக்கலாம். ஆனால் நேர்ந்த நொடியில் நினைவு கைகொடுக்காது, பழகிய கைதான் கைகொடுக்கும். தற்செயலாக நேரும்போது முயன்று பார்த்துக் கற்கக்கூடிய பாடமும் இதுவல்ல, ஏனெனில் முதல் தவறே கடைசித் தவறாகிவிடக் கூடும். பழகிய துணையிடம் கேட்டால், அவர் நீண்ட காலமாக இதைச் சந்திக்காமல் தவிர்த்து வந்திருப்பார், அல்லது த்ராட்டிலை அழுத்தி மேலேறிவிடு என்பார். வகுப்பில்தான், இடுப்பளவு உயரமுள்ள மென்மையான மேட்டில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி, இந்த வரிசையை மெதுவாகத் திரும்பத் திரும்பச் செய்யவைக்க ஆள் இருக்கிறார். தவறின் விலை அதிகமாக இருக்கும் பாடங்களுக்கு வகுப்பு. விலை குறைவாக இருக்கும் பாடங்களுக்குத் தனிப் பயிற்சி என்று நான் பிரிப்பதற்கு இதுவே காரணம்.

தடத்தின் குறுக்கே கிடக்கும் மரக்கட்டையை எடுத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. கட்டையை நேர்கோணத்தில் அணுகி, கால்மிதிகளின்மேல் முழங்கால் மடக்கி எழுந்து, முன்சக்கரம் தொடும் கணத்துக்குச் சற்று முன் த்ராட்டிலைச் சிறிதளவு அழுத்தி எடையைப் பின்னே விட்டு, சக்கரம் ஏறியதும் கட்டைவிரலை எடுத்துவிட வேண்டும். உட்கார்ந்தபடியே போனால், பின்சக்கரங்கள் ஏறும்போது இருக்கை உதைத்து உடலை முன்னே தள்ளும். முன்னே தள்ளப்பட்ட உடலின் எடை கட்டைவிரல் வழியாக த்ராட்டிலில் இறங்கும். வண்டி ஓட்டுநர் கேட்காத வேகத்தில் பாயும். இங்கே பழகிய துணை வகுப்பைவிட நல்ல ஆசிரியர். கட்டையின் பக்கத்தில் நின்றால் அவருக்குப் பார்க்கவேண்டிய தேவைகூட இல்லை: கட்டைவிரல் சரியான கணத்தில் விடுபட்டதா என்பதை எஞ்சினின் ஒலியே அவருக்குச் சொல்லிவிடும். எந்த அளவு கட்டையை ஏறலாம், எதைச் சுற்றிப் போக வேண்டும் என்பதும் அவருடைய அனுபவத்திலிருந்தே வர வேண்டும்.

எந்த வண்டியில் கற்பது என்ற கேள்வியும் இந்த முடிவோடு பிணைந்திருக்கிறது. கியரையும் கிளட்ச்சையும் தாமே இயக்க வேண்டிய விளையாட்டு வகை வண்டி இலகுவானது, சுறுசுறுப்பானது. ஆனால் புதியவரின் கவனத்தில் பாதி கியருக்கே போய்விடும், உடல் அசைவுக்கு மீதி போதாது. தானியங்கிப் பெல்ட் அமைப்பும் எஞ்சின் பிரேக்கிங்கும் உள்ள, நடுத்தரத் திறன் கொண்ட பொதுப்பயன்பாட்டு வண்டியே தொடங்குவதற்கு ஏற்றது என்பது என் கருத்து. இறக்கத்தில் குறைந்த கியரில் எஞ்சினே வேகத்தைப் பிடித்துவைத்தால், பிரேக்கை அழுத்தி வழுக்கும் தவறு குறையும். நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும், சமதரையிலும் எளிய தடத்திலும் இரு சக்கர இயக்கத்திலேயே பழகுவது நல்லது. நான்கு சக்கரங்களும் இழுக்கும்போது தவறான கோட்டைத் தேர்ந்தெடுத்தாலும் வண்டி எப்படியோ கடந்துவிடுகிறது, தவறு மறைந்துவிடுகிறது. இரு சக்கரத்தில் பழகியவருக்கு நான்கு சக்கர இயக்கம் ஒரு கையிருப்பு. மாட்டிக்கொண்டால் வெளியே வருவதற்கு அது இருக்கும்.

பெரிய வண்டியை வாங்கி அதற்கேற்ப வளர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணம், பெரியவர்களுக்கே தீங்கானது. சிறுவர்களுக்கு அதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. தயாரிப்பாளர்கள் 6, 10, 12, 14 வயதுகளை எல்லையாக வைத்து வேகம் கட்டுப்படுத்தப்பட்ட சிறு வண்டிகளைத் தருகிறார்கள்; முழு அளவு வண்டிகள் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே உரியவை. எடையை மாற்றி வண்டியை ஆளும் அடிப்படைத் திறமைக்கே உடல் எடை வேண்டும். அது இல்லாத பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் அந்தக் குறையை ஈடுசெய்யாது. இன்னொருவரையும் கூட அழைத்துப் போக வேண்டியிருப்பவர்கள் இருவர் அமரத்தக்கதாகவே செய்யப்பட்ட மாடலையோ, ஸ்டியரிங் சக்கரமும் இருக்கைப் பட்டையும் பாதுகாப்புக் கூண்டும் உள்ள பக்கத்துக்குப் பக்கம் அமரும் வகையையோ பார்க்கலாம். இரண்டாவது வகைக்கான பயிற்சி வேறு.

வேளாண்மைக்காகவோ வனப்பணிக்காகவோ கற்பவர்களுக்கு முடிவு சற்று மாறும். அவர்களுடைய வண்டியில் மருந்துத் தொட்டியோ, பின்னிணைப்பு வண்டியோ இருக்கும். பாதி நிரம்பிய தொட்டியில் திரவம் அலைந்து, திருப்பத்திலும் பக்கச்சரிவிலும் எடையை எதிர்பாராத பக்கம் தள்ளும். உள்ளே தடுப்புத் தட்டுகள் இல்லாத தொட்டியில் இது மிகக் கடுமையாக இருக்கும். பொழுதுபோக்குக்கான வகுப்பில் இதைச் சொல்லித் தர மாட்டார்கள். வேலைக்கென்றே நடத்தப்படும் வகுப்பைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால், சுமையில்லாமல் முழுதாகப் பழகியபின், அதே நிலத்தில் அதே வேலையைச் செய்துவரும் ஒருவரோடு, சிறு சுமையிலிருந்து தொடங்க வேண்டும்.

எனவே என் தெரிவு ஒரு வழியல்ல, ஒரு வரிசை. முதலில் வகுப்பு, அதற்குப் பின் சில வாரங்கள் திடலில் தனிப் பயிற்சி, படம் பிடிக்க ஒருவரோடு, அதன்பிறகே பழகிய துணையோடு தடம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், தடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கங்களை வகுப்பில் உரிக்க வேண்டியிருக்கும். அது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்கள் வகுப்புக்குப் போகத் தயங்குவதை நான் புரிந்துகொள்கிறேன். இருந்தாலும் அவர்களுக்கே அதில் கிடைப்பது அதிகம், ஏனெனில் அவர்களுடைய தவறுகள்தாம் யாராலும் சுட்டிக்காட்டப்படாமல் நெடுங்காலம் இருந்திருக்கின்றன.

எட்டும் தூரத்தில் வகுப்பே இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. கையேடு, இணையவழிப் பாடம், பொறுமையுள்ள துணை, கைபேசிக் கேமரா ஆகிய நான்கையும் சேர்த்து வகுப்பின் வரிசையைத் தாமே அமைத்துக்கொள்ளலாம். காலியான, தட்டையான மண்தரையில் கற்களையோ பழைய டயர்களையோ அடையாளமாக வைத்து, நடந்து போகும் வேகத்தில் எட்டு வடிவம் போடுவதிலிருந்து தொடங்கலாம். நின்றபடி ஓட்டுதல், குறித்த கோட்டில் நிறுத்துதல், விலகித் திரும்புதல் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். தார்ச்சாலையைப் பயிற்சிக் களமாக்கக் கூடாது. குறைந்த அழுத்தமுள்ள இந்த டயர்கள் அங்கே சட்டென்று பிடித்துக்கொண்டு வண்டியைக் கவிழ்க்கும். ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், நீண்ட கையும் காலும் கொண்ட உடை ஆகியவை திடலிலும் அவசியம்.

அடுத்த படிக்கு எப்போது போவது என்பதை நாட்களை எண்ணித் தீர்மானிக்க முடியாது. சிறு ஏற்றத்தின் நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, மீண்டும் கிளப்பி, முன்சக்கரம் தரையை விடாமல் மேலேற முடிகிறதா என்று பாருங்கள். அதே மேட்டில் குறைந்த கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்துவர, சக்கரம் ஒருமுறைகூடப் பூட்டிக்கொள்ளாமல் கீழே வர வேண்டும். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில், ஏறும்போதும் இறங்கும்போதும் உங்கள் இடுப்பு இருந்த இடம் கண்ணால் பார்க்கும் அளவுக்கு மாறியிருக்க வேண்டும். இவை மூன்றும் துணையாக இருப்பவர் நினைவூட்டாமலே நடந்தால், சேறும் பாறையும் உள்ள முதல் தடத்துக்கு அவரோடு கிளம்பலாம். யார் முன்னே போவது, எங்கே நின்று காத்திருப்பது, ஐயம் வந்தால் என்ன சைகை காட்டுவது என்பவற்றை எஞ்சினைக் கிளப்பும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.